ரோட்டோரத்து மண்

"மஞ்சத் தண்ணியா? ரோட்டுக்கு எதுக்கும்மா மஞ்சத் தண்ணி?"

"ரோட்டுக்கு இல்லய்யா. ரத்தத்துக்கு."

"எத்தனை குடம் ஊத்துனே?"

"ஏழு. கெணத்துக்கும் ரோட்டுக்குமா ஏழு நடை."

கேட்டவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் பெயர் ஞானதாஸ். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்து எழுதுகிறவர். காலை ரயிலில் மதுரையிலிருந்து வந்திருந்தார். எதிரே பொன்னழகு நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் அவள் உட்காரவில்லை. திண்டுக்கல்லில் தன் வீட்டு முன்னறையையே ஆபீசாக வைத்திருந்த வக்கீல் அப்துல் ஜப்பார், அவள் கொடுத்த வழக்கின் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கழுவாம விட்டா என்ன ஆகும்?"

"வண்டி ஏறும், மாடு மிதிக்கும். உசுரோட கெடக்குற மனுசன் ரத்தத்த மிதிக்க விட்டா அந்த உசுரு தங்காதுய்யா. எங்க பக்கம் எல்லாரும் கழுவுவாக."

"சரி, தங்குச்சா?"

"தங்கிருச்சே! வீட்டுல கட்டில்ல கெடக்காரு. வந்து பாருங்க."

வக்கீல் இருமுவதுபோலச் சிரித்தார். ஞானதாஸுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது சீக்கிரமே அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"உசுரு தங்கிருச்சும்மா. டயர் தடம் போயிருச்சு" என்றார்.

நடந்தது தை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பொன்னழகின் புருஷன் உடையப்பன் சிறுமலையிலிருந்து இறங்கி, தலையில் ஒரு வாழைத்தாரோடு நத்தம் ரோட்டின் இடது ஓரம், மண்ணில் நடந்து வந்தான். பின்னால் வந்த கார் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. அவனை அடித்துத் தள்ளிவிட்டு மறுபடி ரோட்டில் ஏறி நின்றது. அவனுக்காக எதிர் ஓரத்தில் காத்து நின்ற பொன்னழகு எல்லாவற்றையும் பார்த்தாள். காரின் டிரைவரே அவனைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த முதலாளி முன்னால் மாறி உட்கார்ந்தார். பொன்னழகுக்குக் காரில் இடம் இல்லை. அவள் வீட்டுக்கு ஓடினாள். குடத்தை எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் போலீஸ் வந்து பார்த்தபோது ஓரத்து மண்ணில் மஞ்சள் ஈரம் மட்டும் இருந்தது. அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். ஆள் திடீரென்று ரோட்டின் குறுக்கே ஓடிவந்தான் என்று டிரைவர் எழுதிக்கொடுத்திருந்தான்.

"நான் பார்த்தேன்ய்யா. மண்ணுலதான் வந்தாரு."

"நீ சம்சாரம். அப்படித்தான் சொல்லுவேன்னு கோர்ட்டுல சொல்லுவாங்க" என்றார் ஞானதாஸ். "நான் பொய்யா எழுத வரலம்மா. ஆனா இல்லாத தடத்த இருக்குதுன்னு எப்படி எழுதுறது? கம்பெனி நூத்தம்பது ரூபா தரச் சொல்லியிருக்கு. வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுரு. முட்டிதான மடங்கல? உக்காந்து செய்யற வேலை எம்புட்டோ இருக்கு. பூட்டுப் பட்டறைக்குப் போகட்டும்."

"அவரு உக்காந்தா தூங்கிருவாருய்யா."

ஞானதாஸ் போன பிறகு வக்கீல் மெதுவாகச் சொன்னார்: "புதன்கிழமை மதுரையில விசாரணை. உன்னைத் தவிர அந்தத் தடத்தப் பார்த்தவன் ஒருத்தன்தான் இருக்கான். டிரைவர் சனாவுல்லா. பேகம்பூர்ல வீடு. அவன் வாயத் தொறந்தா நியாயமான தொகை கெடைக்கும். தொறப்பானான்னு எனக்குத் தெரியாது."

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் பொன்னழகுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் மலை வந்துவிட்டது. சமவெளியில் எங்கே நின்றாலும் அது நீலமாகத் தெரியும். பக்கத்தில் போகப் போகத்தான் பச்சையாகும். பொன்னழகு ஒருநாளும் அதில் ஏறியதில்லை. கல்யாணமான புதிதில் அந்த மலையை ஒரு சக்களத்தியைப்போல வெறுத்தாள். திங்கட்கிழமை விடியலில் அவனை வாங்கிக்கொள்ளும். ஐந்து நாள் வைத்திருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பி அனுப்பும். வாழைத் தோட்டத்து வேலை அப்படி. வருகிறவன் சும்மா வரமாட்டான். கம்பளியில் பனியின் ஈரம் இருக்கும். மடியில் நாலு பச்சை மிளகுச் சரம் இருக்கும். ஒருமுறை இறகு ஒன்று கொண்டுவந்தான். எந்தப் பறவை என்று கேட்டதற்கு, "அது பேரச் சொல்லாமப் பறந்துருச்சு" என்றான்.

இப்போது ஏழு நாளும் வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவளையும் அறியாமல் அவள் தலையை ஒருமுறைக்கு இருமுறை வாரிக்கொள்கிறாள். பிறகு எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்கிறாள். யாரும் வருவதில்லை. வரவேண்டியவன் அவளுக்குப் பின்னால், கட்டிலில் படுத்து மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருக்கிற ஒருவனுக்காக இப்படி ஏங்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"என்ன புள்ள, என் காலுக்கு என்ன வெலை சொன்னாக?" என்றான் உடையப்பன், அவள் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நூத்தம்பது."

"ரெண்டு காலுக்குமா?"

"சிரிக்காத மாமா."

அவன் சிரிக்கத்தான் செய்தான். பிறகு மலைப்பக்கம் பார்த்தான். "மேல இப்ப மழை பாரு. அந்த வெள்ளையா இறங்குதுல்ல, அதான். நம்ம தோட்டத்து மேலதான் பெய்யுது. இந்நேரம் மண்ணு வாசம் கெளம்பியிருக்கும்."

ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனுக்கே அந்த நூற்றைம்பது சரியாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும். வக்கீல் கேட்டிருந்த தொகை வந்தால் வேறு ஒன்று நடக்கும். மலையில் வாழைத்தார் சுமக்கிற மட்டக்குதிரைகள் உண்டு. ஒன்றை வாங்கிவிட்டால் மடங்காத காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் ஏறிவிடலாம். குதிரையை வைத்தே மற்றவர்களின் தாரையும் இறக்கலாம். இதை அவன் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் போன வாரம் தரையில் சிந்திய உமியில் விரலால் ஒரு குதிரை வரைந்து, அவள் வருவதைப் பார்த்ததும் கையால் கலைத்துவிட்டான். காதுகள் மட்டும் அழியாமல் கிடந்தன. அவள் அந்த இடத்தை அன்று கூட்டவில்லை.

மறுநாள் காலையில் பொன்னழகு பேகம்பூருக்குப் போனாள். தோல் வாடை வீசிய சந்தில் மூன்று இடங்களில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். சனாவுல்லா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வாயைக் கொப்பளிக்க மறந்து நின்றான்.

"வாம்மா... உள்ள வா. ரம்ஜான், டீ போடு."

அவன் மனைவி ரம்ஜான் பீவி பாய் விரித்தாள். மூன்று சின்னப் பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்காரு?"

"இருக்காரு பாய். கட்டில்ல இருக்காரு."

"அன்னைக்குக் கார்ல கண்ணத் தொறந்து, 'வாழைத்தார் நசுங்கிருச்சா'ன்னு கேட்டாரு. அதத்தான் மொதல்ல கேட்டாரு." சனாவுல்லா தரையைப் பார்த்தபடி பேசினான். "நான் எழுதிக் குடுத்தது மொதலாளி சொன்னது. நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுது. மாத்திச் சொன்னா என் மேல கேஸு திரும்பும். வேலை போகும், லைசென்சும் போகும். இதுக மூணும் பொட்டப்புள்ளைக."

"இவரு சரியாத் தூங்கியே மூணு மாசமாச்சு" என்றாள் ரம்ஜான் பீவி, டீயை வைத்துக்கொண்டே.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீங்கதான் ராவெல்லாம் பெரண்டு பெரண்டு படுக்குறீக."

பொன்னழகு டீயைத் தொடவில்லை. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். சாபம் கொடுக்கலாம் என்றுகூட நினைத்திருந்தாள். அந்த மூன்று பெண்களைப் பார்த்ததும் அது எதுவும் வாயில் வரவில்லை.

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல பாய். போட்டுட்டு ஓடாமத் தூக்கிட்டுப் போனீக. அதான் இருக்காரு" என்றாள். "தடம் இருந்துச்சு. நான்தான் கழுவிட்டேன். அவரு பொழைக்கணும்னு கழுவுனேன். பொழைச்சுட்டாரு. ஆனா மலைக்குப் போனவரு இன்னும் வரல பாய். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வாசல்ல நின்னு பார்க்கேன், வரல. அவரு போகணும். அஞ்சு நாளு என்னைய விட்டுட்டுப் போகணும். போனாத்தான திரும்பி வருவாரு."

ரம்ஜான் பீவி கடைசிப் பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புதன்கெழமை ஒரு நாளு மதுரைக்கு வாங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். அவரு ஓரத்து மண்ணுலதான் நடந்து வந்தாருன்னு அந்த ஒண்ண மட்டும் சொல்லிருங்க பாய்."