முள் கவசம்

நிஜமாகவே அழிக்க வேண்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள் காவ்யா. அப்படியானால் அழிக்கப்போகும் கேரக்டரின் பெயரை ஒருமுறை டைப் செய்யுங்கள் என்றது. ‘வெண்ணிலா’ என்று வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். சனிக்கிழமை மதியம். பின்பக்கம் அம்மா தாயம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஜன்னல் திரை எழும்பி மானிட்டரை மூடிவிட்டு விலகியது. விலகியபோது வெண்ணிலா இல்லை. ஒன்றரை வருடமாக வளர்த்த வைத்தியர், நாற்பதாவது லெவல். அதற்கு மேல் அந்த விளையாட்டில் இலவசமாக யாரும் வளர முடியாது.

விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் ஆடுகிறவர்களுக்கு அது ‘கோட்டை’தான். உலகமெங்கும் இருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து, ஆளுக்கொரு கேரக்டராகக் காடு மேடெல்லாம் திரிந்து சண்டை போடலாம். மூல விளையாட்டு இலவசம். பின்னால் வந்த எக்ஸ்பான்ஷன்களுக்குக் காசு. காசு கொடுத்தவர்களுக்குப் புது நாடு, புது ஆயுதம், கூடவே ஓடிவந்து நமக்காகக் கடித்துக் குதறும் ஓநாய். கொடுக்காதவர்களுக்குப் பழைய நாடு, நான்கே வகை ஆள்: வாள்காரன், வில்காரன், மந்திரவாதி, வைத்தியர். ஒருவருக்கு ஒரே கேரக்டர்தான். சேர்த்த பாயின்ட்டை எந்தத் திறமையில் போட்டோமோ போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. சும்மா கொடுக்கிறவன் இந்தப் பாடாவது படுத்த மாட்டானா?

அவளை அதற்குள் இழுத்துவிட்டது அண்ணன் பரத். குடோனில் வேலை அவனுக்கு. அவன் கூட்டாளி லோகநாதன், அம்பத்தூர் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டுகிறவன். அவனை எல்லோரும் லோகு என்பார்கள். இன்னொருவன் முகமது ஆசிக், பூந்தமல்லியில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். மூவரும் முன்னால் நின்று அடிப்பார்கள். காவ்யா பின்னால் நின்று அவர்கள் காயத்தை ஆற்றுவாள். அதற்கு ஒரே ஒரு பட்டன். ஹெட்செட்டில் ஓயாமல் திட்டிக்கொண்டே ஆடுவதுதான் அந்தக் கூட்டத்தின் பழக்கம். ஆசிக் ஒரு வினாடி தாமதித்தால் லோகு அவன் வாப்பாவில் ஆரம்பித்து மூன்று தலைமுறையை இழுப்பான். லோகு தடுக்கி விழுந்தால் பரத் கேட்கிற கேள்விகளை எழுத முடியாது. காவ்யா தாமதித்தால் மட்டும் ஹெட்செட் அமைதியாகிவிடும். பிறகு யாராவது ஒருவர், “பரவால்ல தங்கச்சி” என்பார்.

பாவம் பார்த்துத்தான் தன்னைத் திட்டுவதில்லையோ என்று சந்தேகம் இருந்தது அவளுக்கு. போன ஞாயிற்றுக்கிழமை சோதித்தே பார்த்துவிட்டாள். சண்டை உச்சத்தில் இருந்தபோது கையை எடுத்துவிட்டு, டீயை எடுத்து நிதானமாகக் குடித்தாள். முதலில் ஆசிக் செத்தான். அப்புறம் பரத். கடைசியாக லோகு. இரண்டு மணி நேர உழைப்பு மண்ணாகப் போனது. இப்போது வசவு வரும் என்று காத்திருந்தாள். ஹெட்செட்டில் லோகு தொண்டையைச் செருமினான்.

“பரவால்ல தங்கச்சி. கை வலிச்சா சொல்லிடு, இன்னா? ரெஸ்ட் எடுத்துக்கலாம்.”

டீக் கிளாஸைச் சுவரில் எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்திருந்தால் அதற்கும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கை என்றால் இடது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. பாடியில் இரும்புத் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் கம்பெனியில் ஐந்து வருடம் மிஷின் ஓட்டியவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. இப்போது அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள், மற்றவர்களுக்கு கிளவுஸ் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் அம்மா தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்துதான் கொடுப்பாள். திறக்காமல் கொடுத்த நாளே கிடையாது.

வெண்ணிலாவை அழித்த செய்தி தெரிந்ததும் பரத் கதவருகில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

“இன்னாடி இப்டி பண்ட்ட? சரி உடு, பரவால்ல. எக்ஸ்பான்ஷன் வாங்கித் தரேன். ஓநாய் வச்சிக்கோ. நீ சொம்மா நின்னா போதும், அது பாத்துக்கும்.”

“ஓநாய் சண்ட போடும், நான் வேடிக்க பாத்துகினு இருக்கணுமா?”

“உனுக்கு ஈஸியா இருக்கும்னுதான்...”

“எனுக்கு ஒண்ணியும் வாணாம். சும்மா குடுக்கறதுல கீறத வச்சே ஆடுறேன். தனியா.”

தனியாக ஆடுவதற்கு எந்த ஆள் தோது என்று யூடியூபில் ஆயிரம் பேர் பாடம் நடத்துகிறார்கள். எக்ஸ்பான்ஷன் இல்லாதவர்களுக்கென்று தனி வீடியோக்களும் உண்டு. ஸ்டோரில் கிளவுஸ் சீட்டின் பின்பக்கத்தில் காவ்யா எழுதி எழுதிப் பார்த்தாள். எல்லோரும் முதலிடம் கொடுப்பது இரட்டைக் கத்தி ஏந்திய வாள்காரனுக்கு. ஒன்பது பட்டனை வரிசை தப்பாமல் மூச்சுவிடாமல் தட்ட வேண்டும். பத்து விரல் இருக்கிறவனுக்கே பிசகும். வில்காரன் ஓடிக்கொண்டே எய்ய வேண்டும், ஓடுவதற்கு இடது கையில் மூன்று விரல் தேவை, அதுவும் அவளுக்கு இல்லாத இரண்டையும் சேர்த்துத்தான். மந்திரவாதியை ஒருவன் பக்கத்தில் வந்து தொட்டால் போதும், சுருண்டுவிடுவான். வைத்தியர் தனியாகப் போனால் சாகவும் மாட்டார், சாகடிக்கவும் மாட்டார். பட்டியலின் கடைசியில், பாயின்ட்டை வீணாக்க விரும்பினால் இதை எடுங்கள் என்ற கிண்டலோடு ஒன்று இருந்தது. வாள்காரனுக்கு உள்ள முள் கவசம். எதிரி அடிக்கும்போது கேடயத்தைத் தூக்கினால் அடியில் ஒரு பங்கு அவனுக்கே திரும்பும். நாமாக அடிப்பது அநேகமாகக் கிடையாது. சண்டை முடியப் பொழுது போய்விடும் என்பதால் யாரும் சீண்டுவதில்லை.

காவ்யா அந்த வீடியோவை நிறுத்தி யோசித்தாள். கேடயத்துக்கு ஒரு பட்டன், மூச்சு வாங்க ஒன்று, முன்னால் தள்ள ஒன்று. மொத்தம் மூன்று. கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். நடப்பதை வலது கையில் மவுஸ் பார்த்துக்கொள்ளும். அதைவிட, எதிரி எவ்வளவு பலமாக அடிக்கிறானோ அவ்வளவுக்கு அவன் தலையிலேயே விடியும் என்பது அவளுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. மறுநாளே ஒருத்தியை உருவாக்கினாள். பெயர் வைக்கச் சொன்னபோது நிலா, மலர் எல்லாம் வரவில்லை. ‘துலுக்கானம்’ என்று வைத்தாள், தெருமுனைக் கோயில் அம்மன் பெயர்.

இருபத்தொன்பதாவது லெவலில் ஒரு பாலத்துக் காவல்காரனிடம் மாட்டிக்கொண்டாள். கேடயப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மோதிரவிரல் துவண்டுவிடும், விட்ட நொடியில் மண்டை உடையும். ஏழு தடவை செத்தாள். எட்டாவது தடவை தலையிலிருந்த ரப்பர் பேண்டை உருவி, ஒரு பென்சிலைப் பட்டனின் மேல் படுக்க வைத்து, கீபோர்டோடு சேர்த்துச் சுற்றிவிட்டாள். பட்டன் அமுங்கியே கிடந்தது. காவல்காரன் அடித்து அடித்துத் தானே செத்தான். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விழுந்த பிறகுதான் பென்சிலைப் பார்த்தாள். பிரஸ் மிஷினில் இரண்டு பச்சை பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஒரு பட்டனை சைக்கிள் டியூப் துண்டால் கட்டிவிட்டால் ஒரு கையில் மிஷினை ஓட்டிக்கொண்டே மறு கையால் அடுத்த தகட்டை வைக்கலாம். ஒரு ஷிப்டில் இருநூறு பீஸ் கூடுதலாக வரும். லைனில் எல்லோரும் கட்டுவார்கள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் டியூபை இழுத்து முடிச்சுப் போட்டது அவள்தான். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்த சூப்பர்வைசர் மிஷின் கோளாறு என்றார். அம்மா கண் திருஷ்டி என்றாள். ஏண்டி கட்டினாய், உனக்குப் புத்தி எங்கே போயிற்று என்று இன்றுவரை ஓர் ஆள் கேட்கவில்லை. விரலோடு சேர்த்துத் தப்புச் செய்கிற உரிமையையும் வெட்டி எடுத்துவிட்டார்களா என்று ஆத்திரமாக வந்தது. பென்சிலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

முப்பதாவது லெவலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது கோட்டை. அழுத்திப் பிடிக்கிற கேடயத்தை இன்னும் பலமாக்கிக்கொள்ளலாம். அல்லது அதை விட்டுவிட்டுத் தட்டுக் கேடயம் வாங்கலாம். அடி விழுகிற அந்த நொடியில் ஒரே ஒரு தட்டு. சரியாகத் தட்டினால் முழு அடியும் திரும்பும். தவறினால் முழுசும் நம் மேல். பாடம் நடத்துகிறவர்கள் எல்லோரும் முதலாவதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். காவ்யா இரண்டாவதை எடுத்தாள். மேலிருந்து இறங்குகிற இரும்பின் கணக்கு அவளுக்குத் தெரிந்ததைவிட அந்த யூடியூப்காரர்களுக்கா தெரிந்துவிடப்போகிறது?

இரண்டரை மாதத்தில் நாற்பதைத் தொட்டாள். மூல விளையாட்டின் கடைசி எதிரியான சம்மட்டி ராஜா மட்டும் பாக்கி. பத்தாள் உயரம், கையில் சம்மட்டி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வருவான். யார் முதலில் நுழைகிறார்களோ அவர்களோடு கதவு மூடிக்கொள்ளும். அவன் சாகும்வரை அல்லது உள்ளே போனவர்கள் சாகும்வரை வேறு யாரும் போக முடியாது. நான்கு பேர் சேர்ந்து அடித்தாலே அரைமணி ஆகும். அவனைக் கொன்றால் கிடைக்கும் சாவி இல்லாமல் எக்ஸ்பான்ஷன் நாட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்க முடியாது, காசு கட்டியவர்கள் உட்பட. பரத்தும் லோகுவும் ஆசிக்கும் காசு கட்டியிருந்தார்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவனைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். வெண்ணிலாவுக்குப் பதிலாக சேலத்துக்காரர் ஒருவர் வைத்தியராகக் கிடைத்திருந்தார், பன்னிரண்டு மணிக்கு அவருக்கு டியூட்டி. லோகு ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தான். இதெல்லாம் காவ்யாவுக்குத் தெரியும். பத்தே முக்காலுக்குத் துலுக்கானத்தோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

தனியாக ஆடினாலும் அவர்கள் பேசுகிற குழுவிலிருந்து அவள் விலகியிருக்கவில்லை, ஹெட்செட்டில் அவர்கள் குரல் வந்தது. ஆசிக் சிரித்தான். “சிஸ்டர்தான் உள்ள கீறாங்க. அஞ்சு நிமிஷம் வெய்ட் பண்லாம்ணே. பாவம்.” அதாவது அஞ்சு நிமிஷத்தில் செத்துவிடுவாள் என்று அர்த்தம்.

சம்மட்டி மேலே போயிற்று. ஒரு மூச்சு நின்றது. இறங்கியது. அறுபது டன் பிரஸ்ஸுக்கும் இதே நடைதான். மேலே, நிற்க, கீழே. தட்டினாள். ராஜாவின் ரத்தக்கோட்டில் மயிரிழை குறைந்தது. மறுபடி மேலே. பத்து தடவையில் ஒரு தடவை தவறியது. அப்போதெல்லாம் துலுக்கானம் மண்டியிட்டு எழுந்தாள். பதினொன்றேகால் ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. ஹெட்செட்டில் சிரிப்பு நின்று வெகு நேரமாகியிருந்தது. சேலத்துக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

கூடத்தில் தன் லேப்டாப்போடு காத்திருந்த பரத் எழுந்து வந்தான். அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். ராஜாவுக்குக் கால்வாசிக்கும் கீழே இருந்தது உயிர். அவளுக்கும் அதே கதிதான்.

“போதும் காவ்யா. கை வலிக்கும். தள்ளு, நான் முடிச்சுக் குடுக்கறேன்.”

“கைய எடு.”

“சொன்னா கேளு...”

“எடுன்னா எடு!” கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் முழங்கையால் இடித்தாள். அந்த இடியில் ஒரு தட்டு தவறியது. துலுக்கானம் தரையில் சரிந்து, ஒரு நூல் உயிரோடு எழுந்தாள்.

அப்போதுதான் ஹெட்செட்டில் லோகு வெடித்தான்.

“ஏய் காவ்யா! அறிவு கீதா உனுக்கு? ஓவர்டைம உட்டுட்டு வந்து ஒரு மணி நேரமா வாசல்ல குந்திகினு கீறேன் நானு. உள்ள இன்னாமே பண்ற, கோலம் போடுறியா? சாவவும் மாட்ற, சாவடிக்கவும் மாட்ற. எங்கேந்து வந்து சேந்துச்சு இந்த சாவுகிராக்கி!”

பரத் பதறிப்போய்க் கழுத்தில் தொங்கிய தன் ஹெட்செட்டைக் காதில் மாட்டினான். “அண்ணாத்தே, கொஞ்சம் பாத்து பேசு. அது...”

“இன்னாத்த பாத்து பேசறது? உன் தங்கச்சின்னா பெரிய இவளா? வேணும்னேதான் பண்ணிகினு கீது அது! திமிரு!”

காவ்யாவுக்குக் காது மடல் சுட்டது. இரண்டு வருடமாக உடம்பில் எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகி ஓடுவது போல இருந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை, சம்மட்டி இறங்கிக்கொண்டிருந்தது. தட்டினாள்.

“நீ நடுவுல பூராத. அவரு பேசட்டும்” என்றாள் பரத்திடம். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். “ஆமாய்யா, வேணும்னுதான் பண்றேன்! மொதல்ல வந்தது நானு. கியூல நில்லு!”

அவ்வளவுதான். லோகு தொடங்கினான். ஆசிக்கும் சேர்ந்துகொண்டான், சிஸ்டர் எல்லாம் காற்றில் போயிற்று. எஸ்டேட் பாஷையும் பூந்தமல்லி பாஷையும் ஹெட்செட்டை மீறி அறையெங்கும் கொட்டின. அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“யாருடி அது இந்தக் கத்து கத்துறது?”

“லோகு அண்ணன்மா. என்னத்தான் திட்டுது.”

தாயம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பரத்தின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் விளங்காமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். திரையில் ராஜாவுக்கும் துலுக்கானத்துக்கும் ஆளுக்கொரு சிவப்புக் கீற்று மிச்சமிருந்தது. காவ்யா வலது கையை மவுஸிலிருந்து எடுத்து ஹெட்செட்டின் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள். சம்மட்டி மேலே போய் நின்றது. கீபோர்டின் மேல் அவளுடைய மூன்று விரல்களும் அகலமாக விரிந்து, அது இறங்குவதற்காகக் காத்திருந்தன.