பத்து நாற்பதுக்கு வந்த அழைப்பு

பித்தப்பைக் கல்லை எடுத்து எட்டு நாள்கூட ஆகவில்லை. வயிற்றுத் தையல் இழுக்க இழுக்க, களுவாஞ்சிக்குடியில் நடந்த கூட்டத்துக்கு ஜிப்ரி வந்திருந்தார். கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் அவர். மாதம் ஒருமுறை பிரதேச சபை உறுப்பினர்கள் தங்கள் ஊர்க் குறைகளை அவர் முன்னால் வைப்பார்கள். "கவனிக்கிறன்", "மேல அனுப்பியிரிக்கி" என்று அவர் பதில் சொல்வார். பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான்.

அன்று உறுப்பினர் றிஸ்லான் எழுந்ததும் நன்றி சொன்னார்.

"சேர், வாவிக்கரை றோட்டு இந்த வருஷம் வராது, வேற மாவட்டத்துக்கு மாத்திட்டாங்கண்டு நேரா சொன்னீங்களே, அது போதும். இனி சனத்துக்கிட்ட பொய் சொல்லத் தேவல்ல."

"எப்ப சொன்னன்?"

"போன செவ்வாய். கோல் எடுத்துச் சொன்னீங்களே."

அடுத்து எழுந்த தனோஜனும் அதையே சொன்னார். யானை வேலிக்கு வந்த கம்பிகள் எந்தக் களஞ்சியத்தில் கிடக்கின்றன என்று தலைவர் சொன்னாராம். போய்ப் பார்த்தால் அங்கேயே கிடந்தனவாம்.

இரண்டும் உண்மை. இரண்டும் ஜிப்ரிக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அறுவைச் சிகிச்சைக் கட்டிலில் அவர் மயக்க மருந்தில் கிடந்தார்.

பக்கத்திலிருந்த செயலாளர் ஸஹீதா குனிந்து மெல்லச் சொன்னாள். "சேர், ஒங்கட போன் என்ட பேக்லதான் இருந்திச்சி. ஓஃப் பண்ணி வெச்சிருந்தன்."

அவரது தொலைபேசியில் அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் போயிருக்கவில்லை. உறுப்பினர்களின் தொலைபேசிகளை வாங்கிப் பார்த்தாள். பதினொரு பேரின் தொலைபேசிகளிலும் அவரது இலக்கம் இருந்தது. பதினொன்றிலும் நேரம் செவ்வாய் காலை பத்து நாற்பது.

கடைசியாக சீதேவிப்பிள்ளை எழுந்தார். படுவான்கரை உறுப்பினர். பதினெட்டு வருடங்களுக்கு முன் வாவிக்கு வலை போடப் போன அவர் புருஷன் திரும்பவில்லை. வெறுந்தோணிதான் கரை ஒதுங்கியது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஊர்ப் பிரச்சினைகளைச் சொல்லி முடித்ததும் அதையும் கேட்பார். காணாமல் போனோர் ஆணைக்குழுவுக்கு அனுப்பியிருப்பதாக ஜிப்ரி சொல்வார்.

"தம்பி, வாவிக்கு நடுவில இருக்கிற திட்டியில, கிழக்குப் பக்கம், ஒத்தைப் பனைக்குக் கீழ அவர் கிடக்கிறாரெண்டு சொன்னீங்க. இவங்களுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க. நீங்கதானே சொன்னீங்க?"



ஒன்பது வருடங்களுக்கு முன் தோணிக்காரர் கச்சி முகம்மது சாகக் கிடந்தபோது ஜிப்ரியைக் கூப்பிட்டு அந்த இடத்தைச் சொல்லியிருந்தார். புதைத்ததைக் கண்டவர் அவர். செய்தவர்கள் யாரென்று இருட்டில் தெரியவில்லை என்றார். வெளியே சொல்லவேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அழுதார். அவர் மௌத்தாகிய பிறகும் ஜிப்ரி சொல்லவில்லை. அவருக்கும் பயம்.

'அது நான் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகாது. ஸஹீதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா," என்றார். "எனக்கு ஒம்பது வருஷமாத் தெரியும்."

நீதிவானின் உத்தரவோடு அடுத்த கிழமை திட்டியில் தோண்டினார்கள். நல்ல வெயில். காற்றே இல்லை. ஆனாலும் ஒற்றைப் பனையின் ஓலைகள் அடித்துக்கொண்டேயிருந்தன. நான்கடி ஆழத்தில் எலும்புகளோடு ஒரு வெள்ளி அரைஞாண் வந்தது. சீதேவிப்பிள்ளை அதன் கொளுக்கியைப் பார்த்துவிட்டு, தன் புருஷனுடையதுதான் என்று தலையை ஆட்டினார். அழவில்லை.

ஜிப்ரி அவருக்குப் பக்கத்தில் போய் மணலில் குந்தினார்.

"அக்கா, அண்டைக்கு உங்களோட பேசினது நான் இல்ல. எனக்கு நினைவே இருக்கல்ல, ஒப்பரேசன் கட்டில்ல கிடந்தன்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"குரல் உங்கட குரல்தான். ஆனா நீங்க இடையில இடையில நிண்டு நிண்டு சொன்னீங்க. நிக்கிற நேரமெல்லாம் பக்கத்தில இருந்து ஒராள் எடுத்துக் கொடுத்தார். 'கிழக்குப் பக்கமெண்டு சொல்லு, பனையைச் சொல்லு' எண்டு." அவர் அரைஞாணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பதினெட்டு வருஷமானாலும் அவர்ர குரல் எனக்கு மறக்குமா?"

அன்று பின்னேரமே ஜிப்ரி பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தார். தலைவர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை ஸஹீதா தட்டச்சு செய்தாள். இடம் எப்படித் தெரியுமென்று பொலிஸார் கேட்டபோது ஜிப்ரி கச்சி முகம்மதின் பெயரைச் சொன்னார். ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டபோது பயமென்றார். அழைப்பைப் பற்றி பொலிஸார் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.