இரவல் கொடுத்த காசுமாலை

ஊட்டி பஜாரில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டுப் பெண்கள் முதலில் ஹபீப் முகமது வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கல்யாணத்துக்கு அழைக்க அல்ல, காசுமாலையை இரவல் கேட்க. எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் பருப்பும் அனுப்புகிற வியாபாரி அவர். வியாபாரம் கொழித்த ஒரு வருஷம், ராணி தலை போட்ட பவுன் காசுகளைக் கோத்து, மனைவி முனவ்வராவுக்கு நெஞ்சு நிறைய ஒரு மாலை செய்து போட்டார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். யார் கேட்டாலும் முனவ்வரா கொடுத்துவிடுவாள். தாராள மனசு என்று பஜார் சொல்லும். மனசும் உண்டுதான். ஆனால் ஊர்க் கழுத்திலெல்லாம் தன் மாலையைப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு நசீரா தன் மகள் மைமூனுக்காகக் கேட்டபோதும் அப்படித்தான் கொடுத்தாள். மைமூனும் முனவ்வராவின் மகள் ஜுலைகாவும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். "மறுவீட்டுக்கு வர்ற வரைக்கும் கழுத்துலயே கெடக்கட்டும். அடுத்தாப்புல ஜுலைகாதான் போடப்போறா" என்று தன் கையாலேயே மாட்டி விட்டாள். சலசலவென்று நடந்து வண்டியேறிய பெண், கூடலூரில் புகுந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, காட்டுக் காய்ச்சல் கண்டு படுத்தாள். பெற்றவர்கள் ஓடினார்கள். பின்னாலேயே மழை பிடித்து மலைப்பாதை சரிந்தது. ஊட்டியிலிருந்து வேறு யாராலும் போக முடியவில்லை. மைமூனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பாதை சரியானதும் நசீரா திரும்பி வந்தாள். வந்த கையோடு ஒரு துணிமுடிப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். முனவ்வரா அதை முந்தானையால் வாங்கினாள். வெறும் கையால் தொட அவளுக்குப் பயம். இறந்தவளின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள்தானே நகையைக் கழற்றுவார்கள்? அப்படியானால் இது உயிர் போன கழுத்திலிருந்து வந்த மாலை. அதை எப்படி நசீராவிடம் கேட்பது? பெற்ற வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது நகையைப் பற்றி விசாரிக்க எந்த மகராசிக்கு வாய் வரும்? கேட்கவில்லை. முடிப்பை அவிழ்க்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அதற்கப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றால் கூடத்தில் சலசல. கூடத்துக்கு வந்தால் உள்ளறையில் சலசல. யாரோ புதுப்பெண் நடை பழகுவது போல இருந்தது. கணவரிடம் சொன்னாள். "பனிக்குக் கூரைத் தகரம் சத்தம் போடுதுடி" என்றார் அவர். தகரம் என்றைக்கு வீட்டுக்குள்ளே நடந்தது? ஒருநாள் சாயங்காலம், மூடுபனி ஜன்னலை மறைத்திருந்த நேரம், ஜுலைகா அலமாரிக்கு எதிரே நின்றுகொண்டு, "மைமூன் வந்து நிக்கிறாப்புலயே இருக்குதும்மா" என்றாள். மறுநாள் அவளுக்கு உடம்பு சுட்டது. சாதாரண சளிக்காய்ச்சல்தான், கஷாயத்தில் இறங்கிவிட்டது. ஆனால் முனவ்வராவுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பேசி முடித்த கல்யாணம், ஒரே மகள். அந்த மாலை இவள் கழுத்தில் ஏறவே கூடாது.

யாரிடமும் மூச்சு விடாமல் சுப்பண்ணன் ஆசாரியின் பட்டறைக்குப் போனாள். ஆசாரி மாலையைக் கையில் வாங்கி, "ஏனுங்கம்மா, இத்தனை நல்ல உருப்படிய எதுக்குங்க அழிக்கோணும்?" என்று கேட்டார்.

"இப்ப யாருங்க இதெல்லாம் போடுறாங்க? துரைசாணிங்க போடுறாப்புல கொடியும் இலையுமா, கழுத்தோட ஒட்டுன நெக்லஸ் ஒண்ணு பண்ணிக்குடுங்க."

ஆசாரி காசுகளை உருக்குகிற மூசையில் போட்டுக் கரி நெருப்பில் வைத்து ஊதினார். ராணியின் முகம் சிவந்து, நெகிழ்ந்து, வழிந்தது. கடைசிக் காசும் கரைகிற வரைக்கும் முனவ்வரா கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் ஒழுங்காக மூச்சு விட்டாள். அன்றிலிருந்து சத்தம் நின்றுவிட்டது. அவளும் அலமாரியைப் பூட்டுவதை விட்டுவிட்டாள்.

நிக்காஹ் நாளன்று ஜுலைகாவின் கழுத்தில் நெக்லஸ் மின்னியது. புது மாடல் என்று பெண்கள் மொய்த்தார்கள். அந்த நேரத்தில் நசீரா உள்ளே வந்தாள். துக்க வீட்டுக்காரி இங்கே எதற்கு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அந்த வாய்க்குச் சோறு போட்டதே தண்டம். நசீரா அதைக் காதில் வாங்காமல் மணப்பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். பிறகு கழுத்தைப் பார்த்தாள். முனவ்வராவை ஓரமாக அழைத்துப் போனாள்.

"மாலை எங்கங்கக்கா? நான் வருவேன், பாத்தா மனசு ஒடஞ்சு போவேன்னுதான் போடாம வெச்சுட்டீங்களா?"

முனவ்வரா திரும்பி மகளின் கழுத்தைப் பார்த்தாள்.

"அப்படி நெனைக்காதீங்கக்கா. உங்களுக்கு ஒண்ணு சொல்லோணும். நானும் வாய் வராம இருந்துட்டேன். மைமூனுக்குத் தெரிஞ்சு போச்சுங்க, தான் பொழைக்க மாட்டோம்னு. 'அம்மா, இந்த மாலையக் கழட்டிரு. ஜுலைகா போட வேண்டியது. மௌத்தானவ கழுத்துல கெடந்ததுன்னு யாரும் ஒரு சொல் சொல்லிறக்கூடாது'ன்னா. கைய அசைக்கக்கூடத் தெம்பில்லைங்க அவளுக்கு. நான் மாட்டேன்னு அழுதேன். உட மாட்டேன்னுட்டா. உசுரோட இருக்கும்போதே நாந்தான் கழட்டுனேன். கழட்டுனதும் சிரிச்சா. வெறுங்கழுத்தோட போயிட்டாக்கா எம்புள்ள."

முனவ்வரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்றைக்குக் கேட்டிருந்தால் போதும்.

நசீரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜுலைகா அதப் போட்டு ஒருக்கா பாத்தாப் போதுங்க, எம்புள்ள ஆசைப்பட்டது நடந்துச்சுன்னு இருக்கும். போய் எடுத்துட்டு வாங்க. சத்தியமா நான் அழ மாட்டேன்."

முனவ்வரா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த புடவைகளுக்கு நடுவே கையை விட்டு வெறுமனே துழாவினாள்.

கூடத்தில் நசீராவின் குரல் கேட்டது. "கொஞ்சம் தள்ளி எடம் உடுங்க, அக்கா மாலையக் கொண்டாராங்க."