மெக்கானிக் மகன் வாய் திறந்த நாள்

பிறக்கும்போதே அந்தப் பயலுக்கு உணவுக்குழாய் பாதியில் நின்றுபோயிருந்தது. வாயிலிருந்து ஒரு துண்டு, வயிற்றிலிருந்து ஒரு துண்டு, நடுவில் ஒன்றுமில்லை. மூன்று மாதமாய் ஆஸ்பத்திரிதான் வீடு. வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகப் பால் விட்டார்கள். போன மாதம் இரண்டு துண்டையும் இழுத்துச் சேர்த்துத் தைத்து, இந்த வாரம் படமெடுத்துப் பார்த்து, இனி வாயால் குடிக்கலாம் என்றார்கள்.

பயல் குடித்தால்தானே! வார்டு மாறி இரண்டு நாளாகப் புட்டியைக் கண்டாலே உதட்டைப் பூட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு வேளையாவது முப்பது மில்லி முழுசா போகணும்," என்றார் டாக்டரம்மா. "போனா இந்த வாரமே வீடு. இல்லன்னா இன்னும் ஒரு மாசம்."

அப்பன் லாரி மெக்கானிக். அடுத்தவன் முடுக்கிய நட்டைத் தானும் ஒருமுறை முடுக்கிப் பார்க்கிற ஜென்மம். டாக்டர் தையலை மட்டும் நம்பிவிடுவானா?

"உள்ள எங்கயோ அடைச்சிருக்கு," என்றான்.

"ஆமா, பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய்க் கழட்டிப் பாருங்க," என்றாள் பெண்டாட்டி. "எச்சில் மட்டும் எப்படி முழுங்குறான்?"

அவன் குனிந்து பயலின் கழுத்தில் காதை வைத்துப் பார்த்தான்.

நர்ஸம்மாவுக்கும் ஆச்சரியம்தான். "பழைய வார்டுல குழாய்ல பால் விடும்போது நாக்குல ஒரு சொட்டு வெச்சா, என்னமா சப்புவான்!"

அங்கே இருந்ததில் இங்கே எது இல்லை? மெக்கானிக் கண்ணை மூடிக் காதைத் தீட்டினான். பிடிபட்டுவிட்டது. அங்கே தொட்டில் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் மிஷின் ராப்பகலாகக் கொரகொரக்கும். பயல் பசியாறியதெல்லாம் அந்தச் சத்தத்தில்தான். இங்கே ஊசி விழுந்தால் கேட்கும்.

"அந்த மிஷினைக் கொஞ்சம் கொண்டாங்க சிஸ்டர்."

"அது என்ன உங்க ஜாக்கியா, தூக்கிட்டு வர? வேற குழந்தைக்கு மாட்டியிருக்கு."

வேறு வழி? தொட்டிலுக்கு மேல் குனிந்து தானே ஆரம்பித்தான். "கொர்ர்ர்... கொர்ர்ர்... க்ளக். கொர்ர்ர்..."

"ஐயோ, மானம் போகுது," என்று பெண்டாட்டி தலையிலடித்துக்கொண்டாள்.

பயல் கண்ணை உருட்டினான். உதடு தளர்ந்தது. நர்ஸம்மா நீட்டிய புட்டியைக் கப்பென்று பிடித்துக்கொண்டான்!

அப்பன் மூச்சு வாங்க நிறுத்தினான். மகனும் நிறுத்தினான்.

"ஏன் நிறுத்துனீங்க? ஓட்டுங்க, ஓட்டுங்க!" இப்படிக் கத்தியவள் அதே மானக்காரிதான்.

பதினைந்து மில்லியில் அப்பனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிர்த் தொட்டில் குழந்தையின் அப்பன் ஓடிவந்தான். "தள்ளுங்கண்ணே, நீங்க மூச்சு விடுங்க," என்று அவன் பங்குக்குக் கொர்ர் என்று இழுத்தான். புதுச் சத்தத்தைப் பயல் கொஞ்சம் முறைத்துப் பார்த்தான். சரி, போகட்டும் என்று மறுபடி சப்பினான்.

நர்ஸம்மா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் நுரைதான் இருந்தது. மெக்கானிக் அப்போதும் நம்பவில்லை. புட்டியை வாங்கிக் கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான். பிறகுதான் அழுதான். அதையும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான்.

"வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போகலாம்," என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் வேளை தவறாம இப்படியே குடிக்கணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை வேளைங்க?" கட்டிப்போன குரலில் கேட்டான் அப்பன்.

"எட்டு."

மெக்கானிக் எதிர்த் தொட்டில்காரனைப் பார்த்தான். அவன் அதற்குள் இருவர் தொண்டைக்கும் வெந்நீர் பிடிக்கக் கிளம்பிவிட்டான்.