கோட்டின் மேல் நின்ற யானை

ஒரு சதுரங்கக் காயைக் கட்டத்தின் நடுவில் வைத்தால் இந்த மருந்துக்கடைக்காரருக்கு என்ன குறைந்துவிடும்? மூன்று மணி நேரமாக எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஓரமாகவே வைத்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் டைல்ஸ் போடுகிறவன். ஒரு நூல் விலகியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அது என் மனைவியின் தம்பி சொன்ன வழி. எங்கள் சதுரங்க கிளப் அணிக்கு அவன்தான் கேப்டன்.

“மாமா, நம்ம காயத் தொட்டா நகத்தியே ஆகணும். எதிராளி காயத் தொட்டா வெட்டியே ஆகணும். நேரா வைக்கணும்னா ‘சரி பண்றேன்’னு சொல்லிட்டுத் தொடுங்க. இல்லன்னா கை மேலயே உக்காந்துக்கோங்க” என்று காலையில் மூன்று முறை சொல்லியிருந்தான்.

அவன் கவலை அவனுக்கு. வழக்கமாக நான்காம் பலகையில் ஆடும் தபால்காரரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைச் சேர்த்திருந்தான். அக்கா புருஷன் என்பதால் சேர்த்தான் என்று கிளப்பில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். உண்மையும் அதுதான். இப்போது மற்ற மூன்று ஆட்டங்களும் முடிந்து இரண்டு அணிக்கும் தலா ஒன்றரைப் புள்ளி. நான் டிரா செய்தால் லீக்கில் இதே பிரிவில் தங்குவோம். தோற்றால் கீழே போவோம், அவன் கேப்டன் பதவியும் போகும்.

நானோ தோற்றுக்கொண்டிருந்தேன். என்னிடம் மூலையில் முடங்கிய ராஜா, ஒரு ராணி, நகர வழியில்லாத ஒரு சிப்பாய். அவரிடம் ராணியும் யானையும் கூடுதல் சிப்பாய்களும். கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிடம்தான் பாக்கி. தபால்காரர் என் முதுகுக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். மைத்துனன் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

அந்த யானை கோட்டின் மேல் ஏறி நின்றது. பாதி இந்தக் கட்டம், பாதி அந்தக் கட்டம்.

எப்போது கை வெளியே வந்தது என்று தெரியாது. யானையை நடுவில் நகர்த்தி, விரலால் தட்டிச் சரிபார்த்த பிறகுதான் உறைத்தது.

“தொட்டுட்டீங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். “வெட்டணும்.”

“சும்மா நேரா வச்சேன்.”

“சொல்லலியே.”

நடுவரம்மா வந்தார். விசாரித்தார். வெட்டத்தான் வேண்டும் என்றார். அந்த யானையை வெட்ட என் ராணியால் மட்டுமே முடியும், அதன் பக்கத்திலேயே அவருடைய ராஜா. வெட்டி, ராஜாவுக்குச் செக் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ராஜாவால் என் ராணியை எடுத்தார்.

எழுந்து கை கொடுக்கப் போனேன். நடுவரம்மா குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உங்க ராஜாவுக்குச் செக் இல்ல. ஆனா நகர ஒரு கட்டமும் இல்ல, சிப்பாய்க்கும் வழியில்ல. ஆட்டம் டிரா.”

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது.

பிறகு ஒரே கூச்சல். தபால்காரரே என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ராணியவே தூக்கிக் குடுத்தீங்களே. எப்பப் பாத்தீங்க அத?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆசையாகத்தான் இருந்தது. என் தரையைப் பாராட்டியவர்கள் உண்டு, மூளையைப் பாராட்டியவர் யாரும் இல்லை. அதற்குள் மைத்துனன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“பாக்கல மாப்ள” என்றேன். “யானை கோட்டு மேல நின்னுச்சு. பொறுக்கல.”

அவன் என்னைப் பார்த்தான், தபால்காரரைப் பார்த்தான். கையை மெல்ல விட்டான்.

“அடுத்த வாரம் இவரு ஆடட்டும் மாமா.”

“சரி” என்றேன். வலிக்கத்தான் செய்தது.

அவர்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் பலகைக்குத் திரும்பினேன். ஆட்டம் முடிந்துவிட்டது, இனி யாரும் எதுவும் கேட்க முடியாது. மருந்துக்கடைக்காரரின் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, கட்டத்தின் நடுவில் வைத்தேன்.