சட்டையைத் தேடி வந்த பூச்சிகள்

என் கணவர்மேல் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. முப்பது வருடமாக அவர் பின்னால் சுற்றியதெல்லாம் ஆண் பூச்சிகள்தான்.

அவருக்குப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிகளைப் பற்றிய வேலை. பருத்திக் காயைத் துளைத்து உள்ளே போய், சொந்த வீடு மாதிரி உட்கார்ந்து தின்னும் ஒரு புழு இருக்கிறது. அது வளர்ந்தால் விரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் அந்துப்பூச்சி. பொழுது சாயும் நேரத்தில் அதில் பெண் பூச்சி ஒரு வாசனையை விடும். ஆண் பூச்சி எங்கே இருந்தாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். முதலில் நின்ற இடத்திலேயே சிறகைப் படபடவென்று அடித்துக்கொள்ளும், பிறகு நேராகப் பறந்து வரும். அந்த வாசனையை ஆய்வகத்தில் தயாரித்து, ரப்பர் குப்பியில் ஏற்றி, பொறிக்குள் வைத்துவிட்டால் ஆண் பூச்சிகள் ஏமாந்து வந்து விழும். இதுதான் அவர் பிழைப்பு.

ஆரம்ப காலத்தில் யாரும் கையுறை போடவில்லை. அவரோ எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பாத ஆள். வாசனை தோலுக்குள் இறங்கிவிட்டது. சோப்புப் போட்டாலும் போகாது, நாரால் தேய்த்தாலும் போகாது. வேடிக்கை என்னவென்றால் மனுஷ மூக்குக்கு அது தெரியவே தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். வியர்வை நாற்றம்தான் வந்தது.

ஆய்வகத்தில் அவருக்குக் 'கல்யாணப் பொண்ணு' என்று பெயர். பருத்தி பூக்கும் பருவத்தில் அவர் மாலையில் தெருவில் நடந்தால் இரண்டு மூன்று மாப்பிள்ளைகள் தோளில் உட்கார்ந்திருக்கும். மகளுக்கு மானம் போகும். "அப்பா, நீங்க என் பஸ் ஸ்டாப்புக்கு வராதீங்க" என்று அழுதிருக்கிறாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். தோளில் இருக்கும் பூச்சியை விரல் நுனியில் ஏற்றி, "பாவம், ஏமாந்து வந்திருக்கு" என்று ஊதிவிடுவார்.

நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "பூச்சிக்கு இருக்கிற கவலை பெத்த பொண்ணு மேல இருக்கா?" என்று கத்துவேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புழுவோ லேசுப்பட்டதில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது ஒரு மூடி மருந்துக்குச் சுருண்டு செத்த புழு, மகள் கல்லூரிக்குப் போன காலத்தில் அதே மருந்தில் குளித்துவிட்டுக் காயைத் தின்றது. மருந்தை மாற்றினார்கள், இரண்டைக் கலந்தார்கள், அளவைக் கூட்டினார்கள். தப்பிப் பிழைத்த புழுவின் பிள்ளைகள் எல்லாவற்றையும் தாங்கின. அப்புறம் புழுவைக் கொல்லும் சத்தைச் செடிக்குள்ளேயே வைத்து ஒரு விதை வந்தது. எல்லோரும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். சில வருடத்தில் புழு அதையும் தின்னப் பழகிக்கொண்டது.

"விஷத்துக்குப் பழகிடுதுங்க. ஆனா பொண்டாட்டியைத் தேடுறதை விட முடியுமா? அங்கதான் பிடிக்கணும்" என்பார் அவர். அவர் ஆசையெல்லாம் ஒன்றுதான். வாசனை ஏற்றிய சரடுகளை எல்லா வயலிலும், ஒன்று விடாமல், செடிக்குச் செடி கட்ட வேண்டும். காற்று முழுக்கப் பெண் வாசனையாக இருந்தால் ஆணுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. ஜோடி சேராது, முட்டை இல்லை, புழு இல்லை. ஆனால் நடுவில் ஒருவர் வயல் விட்டுப்போனாலும் அங்கே கூடிக்கொள்ளும். எல்லோரையும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வைக்க அவரால் கடைசி வரைக்கும் முடியவில்லை.

ஒரு நாள் பொறிகளைப் பார்க்கப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அவர் போட்டிருந்த சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உடலைக் கூடத்தில் வைத்திருந்தோம். மாலையானதும் ஜன்னல் வழியாக அவை வந்தன. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் சாம்பல் சாம்பலாக உட்கார்ந்துகொண்டு சிறகை அடித்தன. "உசிருதான் வந்து பார்க்குது" என்று என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "உசிரும் இல்லை, மண்ணும் இல்லை. அது பூச்சி. அவர் கையுறை போடல, அதான் வருது" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

முந்தின நாள் அவர் போட்டிருந்த நீலச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைத் துவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் காற்றாடட்டும் என்று பின்பக்கக் கொடியில் போட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் உண்டு, குத்தகைக்காரர் அதில் பருத்தி போட்டிருந்தார். விளக்குப் போடப் போகும்போது பார்த்தேன். சட்டையின் காலரில் ஒரு பூச்சி உட்கார்ந்து சிறகை அடித்துக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போய்விட்டார் என்று ஊரே சொல்கிறது, கையில் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பூச்சி மட்டும், 'இல்லை, இங்கேதான் இருக்கிறார்' என்கிறது. என் மூக்குக்குத் தெரியாதது அதற்குத் தெரிகிறது. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாசனை வீணாகக் கரைந்துவிடக் கூடாதென்று சட்டையைத் தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைப்பேன். பூக்கும் பருவத்தில் மாலையில் மட்டும் எடுத்துக் கொடியில் போடுவேன். முதல் வருடம் நிறைய வந்தன. அடுத்த வருடம் குறைந்தது. அதற்கடுத்த வருடம் ஒன்றோ இரண்டோ. ஒன்று வந்தாலும் எனக்குப் போதும். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தபால் நிலைய வம்பெல்லாம் சொல்வேன். இருந்தபோது இவ்வளவு பொறுமையாக அவர் கேட்டதே இல்லை.

மகள் போனில் சத்தம் போடுவாள். "அம்மா, அந்தச் சட்டையைத் துவைச்சு யாருக்காவது குடுத்துடு. கிளம்பி இங்க வந்துடு." வருகிறேன், பார்க்கலாம் என்று பிடி கொடுக்காமல் பேசி வைத்துவிடுவேன். காரணத்தைச் சொன்னால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் நெட்டை வந்தாள். அவருடைய ஆய்வகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் பெண். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவாள், அதனால் அவர் வைத்த பெயர்.

"அக்கா, எல்லாரும் சம்மதிச்சுட்டாங்க!" என்றாள் மூச்சு வாங்க. "சார் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு வயல் விடாம சரடு கட்டப் போறோம். உங்க நிலம் ஒண்ணுதான் பாக்கி. குத்தகைக்காரரு ரெடி. நீங்க சரின்னு சொல்லணும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காற்று முழுக்க வாசனை நிறைந்தால் எந்தப் பூச்சி என் கொடியைத் தேடி வரும்?

"என் நிலத்துல வேண்டாம்" என்றேன்.

"அக்கா... இது சாரோட வேலை."

"சாரே போயிட்டார். அப்புறம் என்ன சாரோட வேலை? போம்மா, எனக்கு வேலை இருக்கு."

முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன். அவள் மறுபடியும் குனிந்து வெளியே போனாள். மறுநாள் குத்தகைக்காரர் வந்தார். ஒரு காயை என் முன்னால் உடைத்துக் காட்டினார். பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன சக்கையும் புழுவின் எச்சமும்தான் இருந்தன. "அடிக்காத மருந்து இல்லைம்மா. அடிச்சு அடிச்சு எனக்குத்தான் தலை சுத்துது, அதுக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அப்படியும் நான் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன்.

அன்று மாலை ஒரே ஒரு பூச்சி வந்தது. கிழடு போலிருக்கிறது, சிறகின் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. காலரிலிருந்து பைக்குப் போனது, பையிலிருந்து கைமடிப்புக்கு வந்தது. நின்று நின்று சிறகை அடித்தது. மறுபடியும் காலருக்கு ஏறியது. எவ்வளவு தேடினாலும் அங்கே பெண் பூச்சி இல்லை. பாவம், ஏமாந்து வந்திருக்கு என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அதுவும் நானும் இல்லாத ஒருவருக்காக ஒரே சட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் இருந்திருந்தால் அந்தப் பூச்சியை ஊதிவிட்டிருப்பார். என்னையும் எழுப்பி உள்ளே அனுப்பியிருப்பார்.

காலையில் நெட்டைக்குப் போன் செய்தேன். "கட்டிக்கோ. நானும் வர்றேன்" என்றேன்.

சரடுகள் சிவப்பாக, சணல் கயிறு மொத்தத்தில் இருந்தன. நெட்டை என் கைகளில் கையுறையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் வளையமும் போட்டாள். "சார் மாதிரி நீங்களும் கல்யாணப் பொண்ணு ஆகிடாதீங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் துண்டு நிலம் முழுக்க நானே குனிந்து குனிந்து கட்டினேன். ஒவ்வொரு முடிச்சுப் போடும்போதும் என் கையாலேயே அவர் வரும் வழியை அடைக்கிறேனே என்று இருந்தது.

அன்று மாலை சட்டையைக் கொடியில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்கப் போட்டேன், எடுத்தேன். அடுத்த வருடமும் எல்லா வயலிலும் கட்டினார்கள். அந்த அறுவடையில் குத்தகைக்காரர் ஒரு மூட்டையை வாசலில் அவிழ்த்து எனக்குக் காட்டினார். கண் கூசும் வெள்ளை. அவர் கையை அதற்குள் விட்டு அளைந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் வருடம் நெட்டை ஒரு மாலையில் வந்தாள். உள்ளே வரும்போது தலையை நிலையில் இடித்துக்கொண்டாள், அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு பொறியிலயும் ஒண்ணுமே இல்லைக்கா. பருவம் முழுக்க வெறும் பொறி. சுத்துவட்டாரத்துல அந்தப் பூச்சியே இல்லை. சார் ஜெயிச்சுட்டாரு!"

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சந்தோஷம் எனக்கும் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதற்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது. அவர் இன்னும் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த கடைசி ஆளும் போய்விட்டது.

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, "என்னக்கா?" என்று கேட்டாள். தாங்கமாட்டாமல் சட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். டப்பாவைத் திறந்தும் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. நிலம் தரமாட்டேன் என்று நான் ஏன் விரட்டினேன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வந்து ஒரு கண்ணாடிக் குழாயை மேஜையில் வைத்தாள். வாயில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே ஒரு சாம்பல் பூச்சி.

"லேப்ல சோதனைக்குக் கொஞ்சம் வளர்க்குறோம். ஆண்தான். கதவு ஜன்னலைச் சாத்திட்டு, சட்டையை ஆணியில மாட்டிட்டு, பஞ்சை எடுத்துடுங்க. சட்டையில வாசனை மிச்சம் இருந்தா நேரா அங்க போயிடும்."

"இல்லைன்னா?"

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

மாலையில் கதவு ஜன்னலைச் சாத்தினேன். நீலச் சட்டையை அதே ஆணியில் மாட்டினேன். குழாயை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். பஞ்சைப் பிடித்து இழுக்க ஒரு நொடி போதும். போய் உட்கார்ந்தால் அவர் இருக்கிறார். சுவரிலோ விளக்கிலோ போய் உட்கார்ந்தால் இல்லை, அப்புறம் எப்போதும் இல்லை. சாவுச் செய்தி கொண்டுவந்த ஆயிரம் தந்திக்கு யோசிக்காமல் முத்திரை குத்தியவள் நான். இந்தப் பஞ்சை எடுக்க முடியவில்லை.

மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று குழாயை ஆணிக்குக் கீழே இருந்த ஸ்டூலில் வைத்தேன். மறுநாளும் அப்படியே போயிற்று. அதற்கடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில் அது குழாய்க்குள் எழுந்து நின்று சிறகைப் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நான் முழங்காலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சட்டைக்காக அடிக்கிறதா, வெளியே போவதற்காக அடிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. விடிந்தபோது அடியில் மல்லாந்து கிடந்தது.

குழாயைக் கழுவித் துடைத்து வைத்தேன். அந்த வாரமே நெட்டை வந்து அதை வாங்கிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"சட்டையில போய் உட்கார்ந்துச்சாக்கா?"

"ம். உள்ளே விட்டதும் நேரா அங்கதான் போச்சு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து போனது. பார்த்துப் போ, நிலை இடிக்கும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.