கவலையை வென்றவர்

கவலை என்னும் அரக்கனை வீழ்த்தி, அவன் நெஞ்சில் கால் வைத்து நிற்கும் ஒரே மனிதர் விருதுநகர் மாவட்டத்தில் போதகர் அய்யாதுரைதான். அச்சங்குளத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் கட்டியிருந்த பத்தடி ஃப்ளெக்ஸ் அப்படித்தான் சொன்னது. அதில் போதகர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு சிங்கம், அவர் உத்தரவு கொடுத்தால் எழுந்து போகலாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தது. வாசகத்தை எழுதிக் கொடுத்தவரும் போதகர்தான்.

கோட்டுக்குள் இருந்த மனிதர் வேறு. வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் பார்ப்பார். பூட்டாவது கைக்கு எட்டும். மனைவி மாடத்தி எட்டமாட்டாள். அவள் பன்னிரண்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாட்ச்மேன் முனியராஜ் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவான்.

ஆகவே போதகர் முனியராஜுக்குப் போன் செய்வார்.

"தம்பி, ஸ்தோத்திரம். ஜெபத்துல இருந்தேன், ஒங்க முகம் வந்துச்சு. சும்மாதான் கேக்கேன். அங்கன எல்லாம் சமாதானமா?"

"சமாதானந்தான் பாஸ்டரய்யா. அம்மா இப்பத்தான் தண்ணி குடிச்சிட்டு ரூமுக்குப் போறாக."

ஒரு நாளைக்கு மூன்று தடவை முனியராஜின் முகம் ஜெபத்தில் வந்தது. வருடம் தவறாமல் அய்யனாருக்குக் கிடா வெட்டுகிற முனியராஜுக்கு இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

ஃப்ளெக்ஸில் போட்டிருந்த உபவாசக் கூட்டம் சனிக்கிழமை காலை தொடங்கியது. தகரக் கூரை போட்ட சபையில் பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேருக்கும் மகளோ மருமகனோ அந்தக் கம்பெனியில் வேலையில் இருந்தார்கள். உச்சிப்பொழுது நெருங்கும்போது போதகர் உச்சத்தில் இருந்தார்.

"கவலைப்படுகிறவன் யார்? ஆண்டவரை நம்பாதவன்! நான் கவலைப்படுகிறேனா? என் முகத்தைப் பாருங்கள்! இதில் கவலை தெரிகிறதா?"

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கூரைத் தகரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

அந்தப் பக்கத்தில் முதல் சத்தத்துக்கு யாரும் அலறுவதில்லை. இரண்டாவது வருகிறதா என்று காதைக் கொடுத்துக் காத்திருப்பார்கள். இரண்டாவது வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கிழக்கே, கம்பெனி இருக்கும் திசையில், வெள்ளையாகக் கொஞ்சம் புகை.

"ஒருவரும் அசைய வேண்டாம்," என்றார் போதகர். "ஜெபத்தில் தரித்திருங்கள். நான் உள்ளறையில் ஆண்டவரோடு தனித்துப் பேசிவிட்டு வருகிறேன்."

உள்ளறையில் அவர் பேச முயன்றது முனியராஜோடு. மணி அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. உள்ளறைக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதன் வழியாக வெளியேறி, சபையார் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு, கருவேலங்காட்டுக்குள் குறுக்கே புகுந்து, ஐம்பத்திரண்டு வயதில் போதகர் ஓடினார்.

கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் அறையில் ஆள் இல்லை. மேஜைமேல் அந்தக் கூடை. அதற்குள் முப்பது நாற்பது போன்கள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்றில் பாட்டு, ஒன்றில் குழந்தைச் சிரிப்பு, ஒன்று சத்தமில்லாமல் துடித்துத் துடித்துக் கூடையின் விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது.

போதகர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேடையில் அரை மணி நேரம் நிற்காமல் ஜெபிப்பவர் இப்போது துண்டு துண்டாக ஜெபித்தார்.

"ஆண்டவரே... மாடத்தி... நேத்து ராத்திரி சட்னிக்கு உப்பில்லன்னுட்டேன். காலையில ஒண்ணும் பேசாம போயிட்டா. மாடத்தி, ஆண்டவரே..."

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சபையில் முதல் வரிசையில் உட்காரும் வீரலட்சுமி.

"பாஸ்டரய்யா! உள்ளறையில இருக்கேன்னீகளே?"

"ஒங்கள ஜெபத்துல தரிச்சிருக்கச் சொன்னேனே?"

"அடுப்புல பால வச்சிட்டு வந்தது நெனப்புக்கு வந்துச்சு."

"உபவாசத்தன்னைக்குப் பாலா?"

வீரலட்சுமியால் அதற்குமேல் பாலைக் காப்பாற்ற முடியவில்லை. "எம்மக செல்வலட்சுமி உள்ள இருக்கா பாஸ்டரய்யா," என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

கையில் பிரசங்கம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. போதகர் அதில் ஒரு வரியும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு இடம் விட்டார்.

அடுத்து சபை மூப்பர் தனுஷ்கோடி சைக்கிளில் வந்தார். காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். பிறகு இரண்டு பேர், பிறகு நான்கு பேர். கடைசியில் சபை முழுவதும் கேட்டில் நின்றது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளேயிருந்து முனியராஜ் பல் தெரிய ஓடிவந்தான். "என்ன, திருவிழாக் கூட்டமா இருக்கு? ஒண்ணுமில்ல பாஸ்டரய்யா! வடக்க இருந்து பார்ட்டி வந்திருக்காக. புது அயிட்டம் ஒண்ணு, சாம்பிள் போட்டுக் காட்டுனாக. நானும் பாக்கப் போயிட்டேன். எம்புட்டு சத்தம், கேட்டீகளா?"

"கேட்டோம்," என்றார் தனுஷ்கோடி.

சாப்பாட்டு மணி அடித்தது. கையெல்லாம் மருந்து படிந்து வெள்ளி நிறமாக இருக்க, பெண்கள் வந்தார்கள். செல்வலட்சுமியைப் பார்த்ததும் வீரலட்சுமி அவளைத் திட்டத் தொடங்கினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

மாடத்தி கேட்டுக்கு வெளியே வந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சபையே இங்கன இருக்கு. அங்க காணிக்கைப் பெட்டிக்கு யாரு காவல்? சிங்கமா?"

பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "பயந்துட்டீகளா?"

"பயமா, எனக்கா? சபையார்தான் கொஞ்சம் கலங்கி..."

அவள் அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுவதும் கேட்டுக் கம்பியின் துரு. "இது யாரு கை? சபையார் கையா?"

போதகர் சுவர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். "கவலைப்படுறவன் நம்பாதவன்னு இப்பத்தான் கத்திட்டு வாரேன் மாடத்தி. நான் பொய்யன்."

"கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு." அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குப் பயமில்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? ரூம் வாசல்ல ஒரு செம்புத் தகடு பதிச்சிருக்கும். ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும்னு அதுல கைய வச்சிட்டுத்தான் உள்ள போகணும். தெனம் அதுல கை வைக்கையில சொல்லுவேன், 'ஆண்டவரே, இந்தப் பயத்த நீரு வச்சுக்கிடும், எனக்குக் கை ரெண்டும் வேலைக்கு வேணும்'னு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"சாயங்காலம்?"

"சாயங்காலம் திருப்பிக் கேக்க மறந்துருவேன். அவரும் ஞாபகப்படுத்துறதில்ல."

போதகர் எழுந்து, சபையாரிடம் மைக்கில்லாத குரலில், "எனக்காக யாராச்சும் ஜெபம் பண்ணுங்க," என்றார். அந்தச் சபையில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

யார் செய்வதென்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீரலட்சுமி முன்னே வந்தாள். வெயிலில் சுட்ட மண்ணில் வெறுங்காலோடு, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, எங்க பாஸ்டரய்யாவும் எங்கள மாதிரியே பயந்தாங்கொள்ளியா இருக்காக. அதுக்கு ஸ்தோத்திரம். எங்க பிள்ளைகளக் காத்தீரே, அதுக்கும் ஸ்தோத்திரம். சாயங்காலமும் இதே மாதிரி முழுசா அனுப்பி வையும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த முனியராஜும் கூட்டத்தோடு சொன்னான். போதகரின் ஆமென்தான் எல்லாவற்றிலும் சின்னதாக இருந்தது.

கண்ணைத் திறந்த போதகர் கீழே பார்த்தார். அவர் காலில் இருந்தது வீரலட்சுமியின் செருப்பு. ஊதா நிறம், மேலே பிளாஸ்டிக் பூ வைத்தது.